பசவனகுடி: முட்டி வலி அம்மாவோடு அரைநாள்

முட்டி வலி உள்ள அம்மாவோடு பெங்களூரு பசவனகுடியில் அரைநாள் எங்கே போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வெயில் ஏறுவதற்குள் லால்பாக் தாவரவியல் பூங்காவுக்குப் போய்விடுங்கள். பேட்டரி வண்டி உண்டா என்று வாசலிலேயே கேளுங்கள். 1889-ல் அடிக்கல் நாட்டிய கண்ணாடி மாளிகையை எல்லாரும் சொல்வார்கள். எனக்கென்னவோ அந்தக் கிழட்டு இலவமரம்தான். வேர்கள் சுவர் எழுப்பியது போல நிற்கும். கெம்பேகௌடா கோபுரம் இருக்கும் பாறை மட்டும் வேண்டாம், அம்மாவுக்கு ஏற்றம் கஷ்டம்.

அப்புறம் ஆட்டோ பிடித்து தொட்ட பசவண்ணன் கோயில். ஒரே கல்லில் செதுக்கிய நந்தி, சுமார் 15 அடி உயரம். பக்கத்திலேயே பியூகிள் ராக் பூங்கா. மரங்களில் வௌவால்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும், உட்கார்ந்தபடியே அண்ணாந்து பார்க்கலாம். பசித்தால் காந்தி பஜார் வித்யார்த்தி பவனில் மசாலா தோசை. வெள்ளிக்கிழமை போகாதீர்கள், விடுமுறை.