பதில்: பெங்களூர் எலகங்காவில் மண் ஆய்வுக்குத் தோண்டிய குழியின் செம்மண்ணை லேட்டரைட் (இரும்பு மிகுந்து, காய்ந்தால் கல்போல் இறுகும் மண்) என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். மேல்மண்ணில் களிமண் 18 சதவீதம், அடியில் 38, பேஸ் சாச்சுரேஷன் (மண் பிடித்துவைக்கும் அயனிகளில் கால்சியம், மெக்னீசியம் போன்றவற்றின் பங்கு) 62 சதவீதம் என்கிறீர்கள். இது ஆல்ஃபிசால் பக்கம்தான் சாய்கிறது; அதாவது களிமண் அடியில் இறங்கிச் சேர்ந்து, சத்து அதிகம் கழுவப்படாத மண்வகை. நிறத்தைப் பார்த்துக் குழம்பியிருப்பீர்கள். பெங்களூரில் தோண்டினால் எல்லாமே சிவப்புதானே!

அடிமண் கட்டியை உடைத்து லென்ஸில் பாருங்கள். உடைந்த முகத்தில் மெழுகு பூசியதுபோல் மினுங்கும் படலம் இருந்தால், களிமண் மேலிருந்து இறங்கியதற்கு அதுவே சாட்சி. லேட்டரைட் என்றால் ஒருமுறை காய்ந்து இறுகிய பிறகு ஊறவைத்தாலும் இளகாது.

மழை 900 மி.மீ. சொச்சம், நடுவில் நீண்ட வறட்சி. ஆகவே ஈரநிலை உஸ்டிக், அதாவது பருவத்தில் மட்டும் ஈரம் கிடைக்கும் மண்.

அந்த 62 எந்த முறையில் வந்தது என்று லேபில் கேட்டுவிடுங்கள். ஆல்ஃபிசால் என்று சொல்லத் தேவையான 35 சதவீத எல்லை, பிஹெச் 8.2-இல் அளக்கும் முறைக்கானது; அம்மோனியம் அசிடேட் என்ற மற்ற லேப் முறையில் எண் கூடுதலாகவே வரும். குழி சரிவின் அடியில் என்றால் கட்டட இடிபாட்டுச் சுண்ணாம்பும் அதை ஏற்றிவிட்டிருக்கலாம்.