ஊசி கேக்கல, மாத்திரை கேக்குமா?

கேள்வி: எனக்கு ஹெபடைட்டிஸ் சி டாக்டர், கல்லீரல்ல வர்ற வைரஸ், அதுல ஜீனோடைப் 1-ங்கற வகை. 2012-ல 48 வாரம் இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும் எடுத்தேன், முடி கொட்டி ரத்த அளவு எறங்கி படாத பாடு பட்டதுதான் மிச்சம், வைரஸ் போகல. என்கூட ஆரம்பிச்ச இன்னொருத்தருக்கு சுத்தமா சரியாயிடுச்சு. ஜீன் டெஸ்ட்ல எனக்கு 'டி.டி.'ன்னு வந்துது, உங்க ஜீன் அப்படின்னுட்டாங்க. இப்ப புது மாத்திரை இருக்காமே, ஜீன் மாறப்போறதில்லயே, அதுவும் கேக்காம போயிட்டா?

பதில்: பயப்படாம போங்க. அந்த ஊசி வைரஸை நேரா அடிக்கறதில்ல, உங்க உடம்ப உசுப்பி விடும், அடிக்க வேண்டியது உடம்புதான், அதனாலதான் ஜீன் உள்ள வந்துது. 2009-ல அமெரிக்காவுல டியூக் யுனிவர்சிட்டி ஆளுங்க ஜீனோடைப் 1 பேஷன்ட்ஸ் டி.என்.ஏ.வ அலசினப்ப, 19-வது குரோமோசோம்ல ஐ.எல்.28பி ஜீன் பக்கத்துல ஒரே ஒரு டி.என்.ஏ. எழுத்து வித்தியாசம் ('சி'யா, 'டி'யான்னு) சிக்குச்சு. அந்த எடத்துல அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டேந்தும் 'சி' வாங்கினவங்களுக்கு, ரெண்டு பேர்கிட்டேந்தும் 'டி' வாங்கின உங்கள மாதிரி டி.டி.காரங்கள விட ரெண்டு மடங்குக்கு கிட்ட குணமாச்சு. ஏன்னு 2013-லதான் கொஞ்சம் பிடிபட்டுது: 'டி' இருக்கவங்களுக்கு பெரும்பாலும் ஐ.எஃப்.என்.எல்.4-னு ஒரு புரதம் உண்டாகுது, அதுவும் இன்டர்ஃபெரான் ஜாதிதான், ஆனா வேடிக்கை என்னன்னா அது இருக்கவங்களுக்குத்தான் வைரஸ் போகமாட்டேங்குது. கல்லீரல் ஏற்கனவே அரைகுறையா முழிச்சுக்கிட்டே இருக்கறதால ஊசி போட்டாலும் புதுசா எதுவும் எழும்பறதில்லன்னு ஒரு விளக்கம். உங்களுக்கு ரத்த அளவு எறங்குச்சே, அதுலகூட ஐ.டி.பி.ஏ.ன்னு வேற ஒரு ஜீனுக்கு பங்கு உண்டு.

நீங்க கேட்ட புது மாத்திரை, சோஃபோஸ்புவிர், வெல்படாஸ்விர் கதையே வேற. வைரஸ் தன்ன காப்பி எடுக்க வச்சிருக்க புரதங்களயே போய் முடக்குது, உங்க ஜீன்கிட்ட பெருசா எதுவும் எதிர்பாக்கறதில்ல. பொதுவா 12 வாரம், நூத்துக்கு 95 பேருக்கு மேல குணமாகுது, டி.டி.காரங்களுக்கும்தான். யாராவது மறுபடி அந்த ஜீன் டெஸ்ட் எழுதிக் குடுத்தா எதுக்குன்னு கேளுங்க, என்னப் பொறுத்தவரை காசுக்கு கேடு.

அதவிட முக்கியம், சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி கெட்டியாகறது) இருக்கான்னு பாக்கறது, ஹெபடைட்டிஸ் பி டெஸ்ட் எடுக்கறது (பி வைரஸ் உள்ள ஒளிஞ்சிருந்தா, சி வைரஸ் போறப்ப அது கெளம்பலாம்). ஒமிப்ரசோல் மாதிரி கேஸ் மாத்திரை போடறீங்கன்னா சொல்லிடுங்க, வெல்படாஸ்விர் ஒழுங்கா உடம்புல சேராது, இதயத்துக்கு அமியோடரோன் எடுத்தா கண்டிப்பா சொல்லணும். 2018-லேந்து மத்திய அரசு திட்டத்துல இந்த மருந்து இலவசம், அரசு மெடிக்கல் காலேஜ்ல விசாரிங்க. கோர்ஸ் முடிஞ்சு 12 வாரம் கழிச்சு ஆர்.என்.ஏ. டெஸ்ட் (ரத்தத்துல வைரஸ் இருக்கான்னு நேரா பாக்கறது) எடுங்க, ஆன்டிபாடி டெஸ்ட் வேணாம், அது குணமான அப்புறமும் பாசிட்டிவ்னுதான் காட்டும்.