தைராய்டு மிகுந்தால் இதயத் துடிப்பு ஏன் தாளம் தவறுகிறது?

தூக்கத்திலேயே உயிர் போய்விடுமோ என்பதுதான் உங்கள் நான்கு பக்கக் கடிதத்தின் உண்மையான கேள்வி. முடி கொட்டுவது, கை நடுங்குவது, நன்றாகச் சாப்பிட்டும் மூன்று மாதத்தில் எட்டுக் கிலோ இளைத்தது எல்லாம் அந்த அச்சத்துக்கு நீங்கள் சேர்த்துக்கொண்ட சாட்சிகள். இணைத்திருக்கும் பரிசோதனைத் தாளில் தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். 0.01 என மிகக் குறைவாகவும், தைராய்டு சுரக்கும் டி3, டி4 ஹார்மோன்கள் இரண்டும் இயல்பைவிட மிக அதிகமாகவும் இருக்கின்றன. இது தைராய்டு மிகைச் சுரப்பு. நீங்கள் சொல்லும் தொல்லைகள் அத்தனையையும் அது ஒன்றே விளக்கிவிடுகிறது. மிகுந்த ஹார்மோன் இதயத் தசையை இரவும் பகலும் விரட்டுவதால்தான் படபடப்பு வருகிறது. நெஞ்சு வலி இல்லை, சர்க்கரை இல்லை, இரத்த அழுத்தம் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கும்போது, ஆஞ்சியோகிராம் எடுக்க அவசரப்பட வேண்டியதில்லை. அதில் செலுத்தப்படும் சாய மருந்தில் அயோடின் ஏராளம் என்பதால், கட்டுக்குள் வராத தைராய்டை அது மேலும் கிளறிவிடக்கூடும். (உண்மையான மாரடைப்பின்போது மருத்துவர் எடுக்கச் சொன்னால் அது வேறு, அப்போது மறுக்காமல், தைராய்டு இருப்பதைச் சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டும்.)

என்னைக் கவலைப்படுத்தும் வரி கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. தண்டையார்பேட்டை வீட்டின் மாடிப்படி ஏறி முடித்ததும் நெஞ்சுக்குள் மீன் துள்ளுவது போல இருந்தது, சில துடிப்புகள் அடுத்தடுத்தும் சில விட்டுவிட்டும் வந்தன, ஒரு மணி நேரம் கழித்துத்தான் அடங்கியது, இதுவரை இரண்டு முறை ஆகிவிட்டது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். துடிப்பு வேகமாவது இந்த நோயில் ஏறக்குறைய எல்லாருக்கும் நேர்வது. துடிப்பு ஒழுங்கு தவறுவது ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத்தான், வயது கூடக்கூட அதிகமாக, நேர்கிறது. அப்போது இதயத்தின் மேலறைகள் முறையாகச் சுருங்காமல் வெறுமனே நடுங்குகின்றன. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பது இதுதான். மேலறையில் தேங்கும் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம் வருகிறது. டப்ளின் நகர மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் 1835இல் தம் பெண் நோயாளிகளிடம் இந்தத் தைராய்டு நோயைக் கண்டு எழுதியபோதும், கழுத்து வீக்கத்தோடு அவர் கவனத்தை ஈர்த்தது கடுமையான படபடப்புதான்.

ஆகவே இந்த வாரத்துக்குள் ஓர் இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். அந்த நேரத்தில் துடிப்பு ஒழுங்காக இருந்தால் இ.சி.ஜி.யும் ஒழுங்காகவே வரும் என்பதால், 'நார்மல்' என்ற ஒரு தாளை வைத்துக்கொண்டு நிம்மதி அடைந்துவிடாமல், 24 மணி நேரம் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். வீட்டில், கட்டை விரலுக்குக் கீழே மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணிப் பாருங்கள். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கினால் தவறுகிற துடிப்பு கணக்கில் வராது. தாளம் தவறிய துடிப்பு மீண்டும் தொடங்கி நிற்காவிட்டாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, மயக்கம் வந்தாலோ, எந்த நேரமானாலும் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். வாய் கோணினால், பேச்சுக் குழறினால், ஒரு பக்கக் கை கால் துவண்டால் 108ஐ அழையுங்கள். உறைவைக் கரைக்கும் மருந்தை 4.5 மணி நேரத்துக்குள் செலுத்தினால்தான் பயன். விடியட்டும் என்று காத்திருப்பவர்கள் அந்த வாய்ப்பை இழக்கிறார்கள்.

பக்கவாதம் வராமலிருக்க ஆஸ்பிரின் போடலாமா என்கிறீர்கள். வேண்டாம். இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து உங்களுக்குத் தேவையா என்பதை இ.சி.ஜி.க்குப் பிறகு மருத்துவர் முடிவு செய்வார்; ஆஸ்பிரின் அதற்கு ஈடாகாது.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஹார்மோனை அதிகமாகச் சுரக்கும் தைராய்டில் புற்றுநோய் இருப்பது அரிது. முட்டைகோஸையும் காசிமேட்டு மீனையும் விலக்க வேண்டாம். அயோடின் உப்பையும் வழக்கம்போலவே பயன்படுத்துங்கள். முடி, ஹார்மோன் அடங்கிய சில மாதங்களில் திரும்ப வளரும். மார்கழி இரவிலும் உங்களுக்கு மட்டும் மின்விசிறி வேண்டியிருப்பதும் இதே நோயால்தான்.

ஆனால் தைராய்டை அடக்கும் கார்பிமசோல் மாத்திரையை பத்து நாளில் நிறுத்திவிட்டதை அப்படி எளிதாக விட முடியவில்லை. யாரோ பேசிய காணொளியில் 'இரத்தத்தையே அழித்துவிடும்' என்று கேட்டீர்களாம். இரத்த வெள்ளணுக்கள் சடுதியில் குறைவது உண்டு; ஆயிரம் பேரில் சிலருக்கு, பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில். அதை அறியும் வழியைக் காணொளி சொல்லவில்லை: காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு, அன்றே வெள்ளணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிச் சமாளிக்கக் கூடாது. பத்து நாளில் குணம் தெரியவில்லை என்பதும் காரணமாகாது. இந்த மாத்திரை புதிய ஹார்மோன் உற்பத்தியைத்தான் தடுக்கும். சுரப்பியில் ஏற்கெனவே இருக்கும் சேமிப்பு தீர்வதற்குச் சில வாரங்கள் ஆகும். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் இந்த வாரமே போய் மீண்டும் தொடங்குங்கள். பெரும்பாலும் 12 முதல் 18 மாதம் சாப்பிட வேண்டியிருக்கும். ஹார்மோன் இயல்புக்கு வந்ததும் பலருக்கு இதயத்தின் தாளமும் தானே சீராகிவிடுகிறது.

பக்கத்து வீட்டு அம்மா ஒற்றைத் தலைவலிக்கு வைத்திருந்த புரோப்ரனலாலை வாங்கி இருமுறை விழுங்கியிருக்கிறீர்கள். படபடப்புக்கு நாங்களே எழுதித் தரும் மருந்துதான் அது. ஆனால் மழைக்காலத்தில் வீசிங் வந்து இன்ஹேலர் இழுப்பவருக்கு அது மூச்சுக் குழாயை இறுக்கிவிடும். இனி அதைத் தொடாதீர்கள். வீசிங் இருப்பதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

மாத்திரையை மீண்டும் தொடங்கி நான்கு முதல் ஆறு வாரத்தில் டி3, டி4, டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். முடிக்காகச் சென்ற மாதம் நீங்களாகவே தொடங்கிய பயோட்டின் என்ற வைட்டமின், சில ஆய்வகக் கருவிகளில் தைராய்டு மிகுந்திருப்பது போன்ற பொய்யான முடிவைத் தரும் என்பதால், இரத்தம் கொடுப்பதற்கு மூன்று நாள் முன்பே அதை நிறுத்திவிடுங்கள்.