112: நாடித்துடிப்பா, காலடியா?

கேள்வி: எனக்கு 54 வயது. ஆறு வருடமாக ரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால் 50 மி.கி. சாப்பிடுகிறேன். மகன் வாங்கித் தந்த ஸ்மார்ட்வாட்ச்சைக் கட்டிக்கொண்டு தினமும் காலையில் 40 நிமிடம் நடக்கிறேன். அப்போது துடிப்பு 112 என்று காட்டுகிறது. கூட நடக்கும் நண்பர், நெஞ்சைச் சுற்றிக் கட்டித் துடிப்பை எண்ணும் தன் மார்புப் பட்டையைக் கட்டிப் பார்க்கச் சொன்னார். அதே வேகத்தில் 88தான் வந்தது. வாட்ச்சின் ஆப், என் வயதுக்கு 130ஐத் தொட வேண்டும் என்கிறது. அதற்காக இரண்டு வாரமாக மெதுவாக ஓடிப் பார்க்கிறேன். மூச்சு வாங்குகிறதே தவிர 130 வரவில்லை. எந்தக் கருவியை வாங்கலாம்? வீட்டில் சைக்கிள் மிதிக்கும் என் மனைவியும் (வயது 49, மாத்திரை எதுவும் இல்லை) அதையே பயன்படுத்தலாமா?

பதில்: கருவி அப்புறம். முதலில் அந்த ஓட்டத்தை நிறுத்துங்கள். நடையைத் தொடரலாம், மூச்சு வாங்காத வேகத்தில்.

மெட்டோப்ரோலால் ‘பீட்டா பிளாக்கர்’ வகை மாத்திரை. உடற்பயிற்சியின்போது அட்ரினலின் சுரந்து இதயத்தை விரட்டும். இந்த மாத்திரை அதன் பிடியைத் தளர்த்திவிடும். எவ்வளவு ஓடினாலும் துடிப்பு ஓர் அளவுக்கு மேல் ஏறாது. அதற்காகத்தானே கொடுக்கிறோம். உங்கள் ஆப்புக்கோ உங்கள் வயது மட்டும்தான் தெரியும். ஒருவரின் உச்சத் துடிப்பைக் கணிக்க 220இலிருந்து வயதைக் கழிப்பது 1971 முதல் புழக்கத்தில் உள்ள கணக்கு. உங்களுக்கு 166 வரும். 2001இல் வந்த திருத்திய கணக்குப்படி, 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழித்தால் 170. இரண்டுமே சராசரிகள். மாத்திரையே சாப்பிடாத, ஒரே வயதுள்ள இருவருக்கு இடையில்கூட இருபது துடிப்பு வித்தியாசம் இருப்பது சாதாரணம். பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவருக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. ஆக, உங்களால் எட்ட முடியாத, எட்டவும் தேவையில்லாத ஓர் எண்ணுக்காக இரண்டு வாரமாக மூச்சிரைக்க ஓடியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவது இதுதான்.

துடிப்பை அமுக்குவது மாத்திரைதானே என்று நீங்களாக அதை நிறுத்திவிடாதீர்கள். சட்டென்று நிறுத்தினால் துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும். சிலருக்கு நெஞ்சுவலி, மாரடைப்பு வரைகூடப் போய்விடும்.

இனி 112க்கும் 88க்கும் வருவோம். போன வருடம் என் கிளினிக்குக்கு ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். உட்கார்ந்தால் 70, நடந்தால் உடனே 120 என்று வாட்ச் காட்டுவதைப் பார்த்துப் பயந்து, நடையையே விட்டிருந்தார். வராந்தாவில் நடக்கச் சொல்லிவிட்டு அவர் செருப்புச் சத்தத்தை எண்ணினேன். 15 விநாடியில் 30 காலடி. நிற்கச் சொல்லி மணிக்கட்டில் விரல் வைத்தேன். 15 விநாடிக்கு 23, அதாவது நிமிடத்துக்கு 92. வாட்ச் அப்போதும் 120ஐத்தான் காட்டியது. அது எண்ணியது அவருடைய காலடியை! வளையல் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்த வாட்ச்சை மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரற்கடை மேலே ஏற்றி, நகராதபடி கட்டி, மறுபடி நடக்கச் சொன்னேன். 96 காட்டியது. மனுஷர் முகத்தில் அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன்.

வாட்ச்சின் அடியில் பச்சை விளக்கு மினுங்குமே, அந்த ஒளியை ரத்தம் உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்கடியில் ரத்தம் கூடிக் குறைவதால், திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறையும். வாட்ச் எண்ணுவது அதைத்தான். கை வீசி நடக்கும்போது வாட்ச் அசைந்தால் ஒளியும் அந்தத் தாளத்தில் ஆடும். நடையின் தாளம் நிமிடத்துக்கு 100 முதல் 120 காலடி வரை இருப்பதால், அதைத் துடிப்பென்று எடுத்துக்கொள்வது எளிது. மார்புப் பட்டையின் வழி வேறு. ஈசிஜி போலவே அது இதயத்தின் மின்துடிப்பை நேரடியாகப் பிடிக்கிறது. கை அசைவு அதைக் குழப்பாது.

உங்கள் விஷயத்தில் நண்பரின் பட்டை சொன்ன 88தான் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். நீங்களே பார்த்துவிடலாம். நடந்துகொண்டிருக்கும்போதே நின்று, கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து உடனே 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். கட்டைவிரலால் பார்க்காதீர்கள், அதற்கே ஒரு துடிப்பு உண்டு. தாமதித்தால் துடிப்பு இறங்கிவிடும். 22 வந்தால் 88. விரலுக்குத் துடிப்பு தாறுமாறாக, ஒழுங்கின்றித் தட்டுப்பட்டால் எந்தக் கருவியையும் நம்ப வேண்டாம், ஈசிஜி எடுங்கள்.

நடைக்காக மட்டும் என்றால் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம் என்பேன். இருக்கும் வாட்ச்சைச் சரியாகக் கட்டி, விரல் கணக்கோடு ஐந்தாறு நாள் ஒப்பிடுங்கள். பத்துக்குள் வித்தியாசம் இருந்தால் போதும். சைக்கிள், எடை தூக்குதல், வேகத்தைக் கூட்டிக் குறைத்துச் செய்யும் பயிற்சி ஆகியவற்றுக்கு மார்புப் பட்டைதான் என் தேர்வு. ஹேண்டிலைப் பிடித்து மணிக்கட்டு மடங்கும்போது வாட்ச் தடுமாறும். நெஞ்சைச் சுற்றிக் கட்டுவது பிடிக்காதவர்களுக்கு முன்கையில் கட்டும் பட்டை இருக்கிறது; அதுவும் ஒளியால்தான் எண்ணும், ஆனால் மணிக்கட்டைவிட அசைவு குறைவு. எதை வாங்கினாலும் உங்கள் போனோடு ப்ளூடூத்தில் சேருகிறதா என்று கடையிலேயே பாருங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மட்டும் தங்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் பட்டை வாங்க வேண்டாம்.

உங்களுக்கான எண்ணை ஆப் சொல்லக் கூடாது, டி.எம்.டி. (ட்ரெட்மில்லில் நடக்கவைத்து ஈசிஜி பார்க்கும் சோதனை) சொல்ல வேண்டும். 54 வயது, ரத்த அழுத்தம், ஓடினால் மூச்சு வாங்குகிறது; இதற்கே ஈசிஜி, எக்கோ (இதய ஸ்கேன்), டி.எம்.டி. மூன்றையும் பார்ப்பது நல்லது. நோயைக் கண்டறிவதற்கான டி.எம்.டி.க்கு மருத்துவர் சில சமயம் மாத்திரையை நிறுத்தச் சொல்வார். பயிற்சி அளவை நிர்ணயிக்க என்றால் வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டே செய்ய வேண்டும். எதற்காக என்று கேட்டுக்கொண்டு போங்கள். அதுவரை நடக்கும்போது கூட வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும்.

இன்னொன்று. துடிப்பு 88 என்று அழகாகக் காட்டும்போதே இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கலாம். இந்தக் கருவிகளுக்கு அது தெரியாது. நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை வந்தால் எண்ணைப் பார்க்காதீர்கள், 108ஐ அழையுங்கள்.

உங்கள் மனைவிக்கு மார்புப் பட்டை தாராளமாகப் பொருந்தும். மாத்திரை இல்லாததால் வயதுக் கணக்கை அவருக்குத் தோராயமாக எடுத்துக்கொள்ளலாம்: உச்சம் சுமார் 174, மிதமான பயிற்சிக்கு அதில் 50 முதல் 70 விழுக்காடு, அதாவது 87 முதல் 122 வரை. நீங்களும் அதைக் கட்டிக்கொள்வதானால் நீளத்தைச் சரிசெய்து, ஆப்பில் ஆளையும் மாற்றிக்கொள்ளுங்கள். கட்டுமுன் உள்பக்கப் பட்டைகளைத் தண்ணீரால் நனைக்க வேண்டும். உலர்ந்த தோலில் முதல் சில நிமிடம், வியர்க்கும்வரை, கண்டபடி காட்டும். முடிந்ததும் வில்லை போன்ற கருவியைப் பட்டையிலிருந்து கழற்றிவிட்டு, பட்டையைத் தண்ணீரில் அலசிக் காயப்போடுங்கள். ஈரப் பட்டையிலேயே விட்டுவைத்தால் அது ஓடிக்கொண்டே இருந்து பட்டன் செல் சீக்கிரம் தீர்ந்துவிடும்.