டேவிஸில் முதல் குவார்ட்டர்: ஒரு ப்ரீ-மெட் (மருத்துவப் படிப்புக்குத் தயாராகும்) மாணவியின் தாயாருக்கு

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தையும் மகளின் மதிப்பெண் பட்டியலையும் இருமுறை படித்தேன். ஃப்ரீமான்ட்டில் வீட்டிலிருந்தே கம்யூனிட்டி கல்லூரிக்கு (பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளை வழங்கும் உள்ளூர்க் கல்லூரி) சென்று, இரண்டு ஆண்டுகளில் 70 யூனிட் (பாட அளவைக் குறிக்கும் அலகு) பாடங்களை 4க்கு 3.9 சராசரியுடன் முடித்தவர் அவர். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் சேர்ந்த முதல் குவார்ட்டரிலேயே, அதாவது முதல் பருவத்திலேயே, கரிம வேதியியலில் சி பிளஸ் வாங்கியதும், நள்ளிரவில் அழைத்து "எனக்கு இது வராதும்மா" என்று அழுததும் உங்களை எவ்வளவு கலங்க வைத்திருக்கும் என்பதை உணர்கிறேன். காலம் தாழ்த்தாமல் வரும் ஜூனிலேயே மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கச் சொல்லலாமா, இல்லையெனில் இந்தியாவுக்கு அனுப்பிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே வேண்டாம் என்பது என் கருத்து.

அவர் படித்த கல்லூரியில் ஒரு செமஸ்டர் ஏறத்தாழ 16 வாரங்கள். டேவிஸில் ஒரு குவார்ட்டருக்கு வகுப்புகள் 10 வாரங்கள்தான். அதன்பின் ஒரே வாரத்தில் இறுதித் தேர்வுகள். மூன்றாவது, நான்காவது வாரத்திலேயே முதல் மிட்டெர்ம் (இடைத்தேர்வு) வந்துவிடுவதால், எந்தப் பேராசிரியர் எப்படிக் கேள்வி கேட்பார் என்பதைப் புதியவர் புரிந்துகொள்வதற்குள் மதிப்பெண்ணில் ஒரு பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது. அதைவிட முக்கியமான ஒன்றை அவருடைய பாடப் பட்டியலில் கண்டேன். செமஸ்டர் கல்லூரிகளில் கரிம வேதியியல் இரண்டு பகுதிகளாகவும், டேவிஸில் மூன்று பகுதிகளாகவும் கற்பிக்கப்படுகிறது. முதற்பகுதியை அங்கே முடித்துவிட்டு இங்கே இரண்டாம் பகுதியில் சேர்பவருக்குச் சில பாடங்கள் இருமுறை வரும். வேறு சில ஒருமுறைகூட வராமல் நழுவிவிடும். அவருடன் அமர்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் முதற்பகுதியை அதே வளாகத்தில் படித்து வந்தவர்கள். ஒரு தொடர் பாடத்தைத் தொடங்கிய கல்லூரியிலேயே முடித்துவிட்டு மாறுங்கள் என்று மாணவர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது இதனால்தான். கல்லூரி மாறிய மாணவர்களின் மதிப்பெண் முதல் பருவத்தில் சரிவதற்கு 1965இல் ஜான் ஹில்ஸ் என்ற ஆய்வாளர் 'மாறுதல் அதிர்ச்சி' என்று பெயரிட்டார். அவர் தொகுத்துப் பார்த்த ஆய்வுகள் பலவற்றில் அந்தச் சரிவு பின்னர் ஓரளவு சீரடைந்திருக்கிறது. ஆயினும் அது தானாகவே சரியாகிவிடும் என்று இருந்துவிடக் கூடாது.

மகளை மிகவும் அச்சுறுத்தும் எண், பல்கலைக்கழகத்தின் இணையக் கணக்கில் அவர் பார்க்கும் 2.88 என்ற சராசரி. பழைய கல்லூரியின் மதிப்பெண்களைப் பல்கலைக்கழகம் தன் சராசரியில் சேர்ப்பதில்லை என்பதால், மூன்றே பாடங்களை வைத்துப் போட்ட கணக்கு அது. மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமாகிய ஆம்காஸ், மாணவர் படித்த ஒவ்வொரு கல்லூரியின் பாடங்களையும் சேர்த்தே கணக்கிடுகிறது. ஒரு குவார்ட்டர் யூனிட் செமஸ்டர் யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்கு என்பதால், இந்தக் குவார்ட்டரின் 13 யூனிட்கள் செமஸ்டர் கணக்கில் 8.67 மட்டுமே, அவற்றை முந்தைய 70 யூனிட்களுடன் சேர்த்தால் சராசரி 3.79 வருகிறது. அறிவியல் பாடங்களின் தனிச் சராசரி இதைவிடக் கூடுதலாக இறங்கியிருக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2023இல் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களின் சராசரி 3.77, அவ்வாண்டு 52,000க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்து, சுமார் 23,000 பேர் சேர்ந்தார்கள். கதவு மூடிவிடவில்லை என்பதற்காகவும், எளிதில் திறக்காது என்பதற்காகவும் இந்த எண்களைத் தருகிறேன். சில மருத்துவக் கல்லூரிகள் கம்யூனிட்டி கல்லூரி மதிப்பெண்களைவிடப் பல்கலைக்கழகத்தின் மேல்நிலை அறிவியல் பாடங்களுக்கே கூடுதல் எடை தருவதால், மீதமுள்ள ஐந்து குவார்ட்டர்களில் அவர் பெறும் மதிப்பெண்கள் மிகவும் முக்கியமானவை.

வரும் ஜூன் வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொல்வதற்கும் அதுவே காரணம். பட்டம் பெற்ற உடனே மருத்துவக் கல்லூரியில் சேர விரும்புபவர், மூன்றாம் ஆண்டு முடியும் தறுவாயிலேயே விண்ணப்பிக்க வேண்டும். முதலாண்டிலிருந்தே டேவிஸில் இருப்பவருக்கு அதற்குள் மூன்று ஆண்டுகள் கிடைக்கின்றன. உங்கள் மகளுக்குக் கிடைப்பவை மூன்றே குவார்ட்டர்கள், அவற்றில் ஒன்று முடிந்துவிட்டது. மீதமுள்ள ஆறு மாதங்களில் அவர் வேதியியலைச் சரிசெய்ய வேண்டும். ஏறத்தாழ ஏழரை மணி நேரம் நீளும் எம்கேட் என்ற மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குத் தயாராக வேண்டும். தன் பெயரையும் முகத்தையும் இப்போதுதான் அறியத் தொடங்கியிருக்கும் அறிவியல் பேராசிரியர்களிடம் பரிந்துரைக் கடிதமும் கேட்க வேண்டும். இத்தனையையும் ஒன்றாகச் சுமத்தினால் ஒன்றும் உருப்படியாக அமையாது. பட்டம் பெறும் ஆண்டின் ஜூனில் விண்ணப்பித்து, இடையில் ஓராண்டு மருத்துவமனையிலோ ஆய்வகத்திலோ பணிபுரிந்துவிட்டுச் சேரட்டும். ஓராண்டு வீணாகிறதே என்று நீங்கள் வருந்தலாம். இன்று மருத்துவக் கல்லூரியில் சேர்பவர்களில் பெரும்பாலோர் அத்தகைய இடைவெளியுடன்தான் வருகிறார்கள். தேர்வுக் குழுக்கள் பொதுவாக அதைக் குறையாகப் பார்ப்பதில்லை.

அவர் தனியாகச் சாப்பிடுகிறார் என்று நீங்கள் எழுதியிருந்த ஒரு வரியே என்னை அதிகம் கவலைக்குள்ளாக்கியது. மற்றவர்களின் நட்புகள் முதலாண்டு விடுதியிலேயே உருவாகிவிட்டன; மூன்றாம் ஆண்டில் வந்து வாடகை வீட்டில் தங்குபவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. வேறு கல்லூரியிலிருந்து வந்தவர்களுக்கென்றே டேவிஸில் ஒரு மையம் இருக்கிறது. அங்கே அவர் கட்டாயம் ஒருமுறையேனும் செல்ல வேண்டும். சேக்ரமென்டோவில் பல்கலைக்கழக மாணவர்கள் நடத்தும் இலவச மருத்துவ மையங்கள் உள்ளன. 1972 முதல் இயங்கிவரும் பால் ஹாம் ஏசியன் கிளினிக் அவற்றில் ஒன்று. ஆங்கிலம் அறியாத முதியவர் ஒருவருக்கு மருத்துவரிடம் தன் வலியைச் சொல்ல உதவும் ஒரு சனிக்கிழமை, இந்தத் தொழில் தனக்கு உகந்ததா என்ற கேள்விக்கு எந்த மதிப்பெண்ணையும்விட நேர்மையான விடையைத் தரும். உடன் வேலை செய்பவர்களே நண்பர்களாகவும் ஆகிவிடுகிறார்கள்.

இந்தியாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே மருத்துவக் கல்லூரியில் சேர நீட் தேர்வு எழுத வேண்டும். படிப்பு நான்கரை ஆண்டுகள், அதன்மேல் ஓராண்டு பயிற்சி. திரும்பி வந்து இங்கே பணிபுரிய, வெளிநாட்டுப் பட்டதாரியாக யுஎஸ்எம்எல்இ என்ற அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வுகளை எழுதி, ரெசிடென்சி (மருத்துவமனையில் பெறும் மேற்பயிற்சி) இடத்துக்கும் போட்டியிட வேண்டும். அந்த வழியை மனமுவந்து தேர்ந்தெடுப்பவர்களை நான் ஆதரிக்கிறேன். ஒரு சி பிளஸுக்கு அஞ்சி அதில் இறங்குவதை ஆதரிக்க மாட்டேன்.

வகுப்புகள் ஜனவரியில் தொடங்கும் முன், மகள் என்னுடன் பேச ஒரு மணி நேரம் ஒதுக்கட்டும். பழைய கல்லூரியின் கரிம வேதியியல் பாடத்திட்டத்தையும் டேவிஸின் பாடத்திட்டத்தையும் அவர் கையோடு கொண்டு வர வேண்டும். இடையில் நழுவிய பாடங்களை இருவரும் சேர்ந்து குறித்துக்கொண்டால், மூன்றாம் பகுதி தொடங்குவதற்குள் அவற்றை அவரால் படித்துவிட முடியும். அதுவரை தொலைபேசியில் மதிப்பெண்ணைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்க வேண்டாம். அன்று என்ன சாப்பிட்டார், யாருடன் சாப்பிட்டார் என்று மட்டும் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்