பொட்டலத்தில் வந்தது செடியா, கூழா?

கேள்வி: ஒன்றரை மாதத் தக்காளி. இலை பச்சையாக இருக்கும்போதே நடுப்பகலில் தலை சாய்கிறது, சில நாளில் செத்துப்போகிறது. காய்ந்த செடிகளில் மூன்றைப் பிடுங்கி, வேரைச் சுத்தமாகக் கழுவி, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெள்ளிக்கிழமை கூரியரில் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். ‘மாதிரி அழுகிவிட்டது’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. வேறு ஆய்வகம் பார்க்கட்டுமா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: ஆய்வகத்தை மாற்ற வேண்டாம், செடியை மாற்றுங்கள். பொட்டலம் பிரிக்கும் மேசையில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். திங்கட்கிழமை காலை என்றாலே மூக்கைப் பொத்திக்கொள்வேன். வெள்ளியன்று கட்டிய பை இரண்டு நாள் ஏதோ கிடங்கில் வெந்து வந்திருக்கும். பிரித்தால் வியர்த்த நீரும் கறுத்த கூழும்தான். இனிப்புக் கடைப் பெட்டியில் வந்த கூழும் உண்டு.

செத்த செடியில் நோய்க்கிருமி பின்தங்கிவிடும். மிச்சத்தைத் தின்ன வரும் சாறுண்ணிப் பூசணங்கள் முந்திக்கொள்ளும்; ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் தட்டில் அவைதான் முளைத்து நிற்கும். ஆகவே இன்று வாடத் தொடங்கிய செடி இரண்டு, பாதி வாடியது இரண்டு எடுங்கள், மருந்து தெளிப்பதற்கு முன்பே. பிடுங்காதீர்கள், மண்வெட்டியால் தோண்டுங்கள். பிடுங்கினால் அழுகிய நுனிவேர் அறுந்து மண்ணில் தங்கிவிடும். நாங்கள் தேடுவதே அதைத்தான். கழுவவும் வேண்டாம். வேரை மண்ணோடு பாலித்தீன் பையில் போட்டு, தண்டின் அடியில் கட்டிவிடுங்கள், மண் இலையில் படாது. மேலே உலர்ந்த செய்தித்தாள் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்துத் திங்கள் அல்லது செவ்வாய் அனுப்புங்கள். ஈரத்துணி சுற்றுவது பூவுக்குச் சரி, இதற்கு ஆகாது.

நான் பார்த்த நல்ல மாதிரி ஒரு அம்மா பஸ்ஸில் வாளியோடு கொண்டுவந்த கத்தரிச் செடிகள். வாடியதோடு வாடாத செடி ஒன்றும் இருந்தது. ஏன் என்றேன். “இதுவும் அதே பாத்திதான். இது மட்டும் எப்படி நிற்கிறது என்று பாருங்கள்” என்றார். அன்று வேலை பாதியாகக் குறைந்தது. நீங்களும் நல்ல செடி ஒன்று சேர்த்து அனுப்புங்கள்.

கூடவே ஒரு தாள்: ரகம், நட்ட தேதி, முன்பயிர், தண்ணீர் விடும் முறை, வாடல் திட்டுத்திட்டாகவா வயல் முழுவதுமா, என்ன மருந்து எப்போது தெளித்தீர்கள். கடைசிக் கேள்விக்குப் பலர் கூச்சப்பட்டு ‘ஒன்றுமில்லை’ என்று எழுதுவார்கள். பூசணக்கொல்லி பட்ட செடியில் பூசணம் தட்டில் வளராமலே போகலாம், மறைக்காதீர்கள்.

அனுப்புமுன் வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். வாடும் செடியின் அடித்தண்டில் இரண்டு அங்குலத் துண்டை நறுக்கி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீரில் வெட்டுமுனை மட்டும் முங்கும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற இழை புகையாக இறங்கினால் அது பாக்டீரியா வாடல். பச்சையாகவே தலை சாய்வதைப் படித்தபோது எனக்கும் அந்தச் சந்தேகம்தான். பியூசேரியம் என்ற பூசணத்தால் வரும் வாடல் என்றால் பெரும்பாலும் கீழிலைகள் முதலில் மஞ்சளாகும், தண்ணீரும் கலங்காது. பார்த்ததைத் தாளில் எழுதிவிடுங்கள்.

அந்தத் தம்ளர் தண்ணீரை மட்டும் வாய்க்காலில் ஊற்றிவிடாதீர்கள். கொதிக்கவைத்துக் கொட்டுங்கள்.