பாலுன்: எந்த வளையம், எத்தனை சுற்று?

ஹாம் (அமெச்சூர் வானொலி) வாசகர்கள் பாலுன் பற்றிக் கேட்டவற்றுக்கு இம்முறை மொத்தமாகப் பதில். ஆன்டெனாவும் கேபிளும் சேரும் இடத்தில் வைத்து, ஆன்டெனாவின் இரு கைகளுக்கும் மின்னோட்டத்தைச் சமமாக்கும் சாதனம்தான் பாலுன்; பெரும்பாலும் ஒரு வளையத்தில் சுற்றிய கம்பி அல்லது கேபிள்.

கேள்வி: 40 மீட்டர் பேண்டுக்கு (7 மெகாஹெர்ட்ஸ்) இன்வெர்டட் வி (நடுவில் உயர்த்தி இரு கைகளும் சரியும் டைபோல் ஆன்டெனா) கட்டி, கோஆக்ஸை (நடுக்கம்பியைச் சுற்றிப் பின்னல் உள்ள கேபிள்) நேரடியாகச் சேர்த்திருக்கிறேன். எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா எவ்வளவு பொருந்தியிருக்கிறது என்ற அளவு; 1 என்றால் முழுப் பொருத்தம்) 1.3. ஆனால் எஃப்.டி.8 (கம்ப்யூட்டர் வழி டிஜிட்டல் முறை) அனுப்பும்போது லேப்டாப்பில் யு.எஸ்.பி. அறுந்துபோகிறது, கேபிளைக் கையால் பிடித்தால் மீட்டர் முள் நகர்கிறது. எஸ்.டபிள்யூ.ஆர். நன்றாக இருக்கும்போது பாலுன் எதற்கு?
– வாசகர், நாகர்கோவில்

எஸ்.டபிள்யூ.ஆரைக் குறைப்பது 1:1 பாலுனின் (ஓம் அளவை மாற்றாத வகை) வேலையே அல்ல. கேபிளைத் தொட்டால் முள் நகர்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நோய் அங்கேதான் இருக்கிறது.

7 மெகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பில் சுமார் 0.025 மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் இறங்காது. அதனால் கோஆக்ஸின் பின்னல் ஒரே கம்பியாகத் தெரிந்தாலும், ரேடியோ அலைக்கு அது இரண்டு கம்பி: உட்புறம் ஒன்று, வெளிப்புறம் ஒன்று. நடுக்கம்பியும் பின்னலின் உட்புறமும் சேர்ந்து சக்தியை மேலே கொண்டுபோகின்றன. உச்சிக்குப் போனதும் பின்னலில் வந்த மின்னோட்டத்துக்கு இரண்டு வழி: டைபோலின் ஒரு கை, இல்லையென்றால் பின்னலின் வெளிப்புறம் வழியாகக் கீழே உங்கள் மேசை வரை. எவ்வளவு எந்த வழியில் போகும் என்பதைக் கேபிளின் நீளமும் அது போகும் பாதையும் எர்த்தும் தீர்மானிக்கின்றன. அந்தக் கேபிளும் ஆன்டெனாவின் ஒரு பகுதியாகிவிட்டது. லேப்டாப் அதன் நுனியில் உட்கார்ந்திருக்கிறது.

இன்னொரு நஷ்டமும் உண்டு, பலரும் கவனிப்பதில்லை. வீட்டு எல்.இ.டி. பல்பு, மொபைல் சார்ஜர் இவற்றின் இரைச்சல் அதே வெளிப்புறம் வழியாக ஏறி, உச்சியில் உள்ளே நுழைந்து ரிசீவருக்கு வருகிறது. நல்ல சோக் பாலுன் (வெளிப்புற மின்னோட்டத்தை மட்டும் தடுப்பது) போட்டால் அந்த வழியும் அடைபடும். அனுப்புவதைவிடக் கேட்பதில்தான் வித்தியாசம் முதலில் தெரியும்.

கேள்வி: பழைய வரைபடம் ஒன்றில் சிவப்பு டி200-2 வளையத்தில் மூன்று கம்பிகளைச் சேர்த்து 12 சுற்று சுற்றச் சொல்லியிருக்கிறது. நண்பர் ஃபெரைட்தான் (இரும்பு ஆக்சைடு கலந்த காந்தப் பீங்கான்) வேண்டும் என்கிறார். எது சரி?
– வாசகர், திருச்சி

நண்பர் சொல்வதுதான் சரி. சிவப்பு வளையம் இரும்புத்தூள். அதன் பெர்மியபிலிட்டி (காந்தப்புலத்தைத் தனக்குள் சேர்க்கும் திறன்) வெறும் 10. டி200-2இல் 12 சுற்றுக்குக் கிடைப்பது 1.7 மைக்ரோஹென்றி, 7.1 மெகாஹெர்ட்ஸில் 77 ஓம், 80 மீட்டரில் 40 ஓம்கூட இல்லை. 50 ஓம் லைனில் ஓடுவதைத் தடுக்க 77 ஓம் எந்த மூலைக்கு? எஃப்.டி.240-43 (கடைசி எண் கலவை ரகம்) ஃபெரைட் வளையத்தின் பெர்மியபிலிட்டி 800. அதே 12 சுற்றுக்கு 7 மெகாஹெர்ட்ஸில் 3,000 ஓமுக்கு மேல் கிடைக்கும். டி200-2ஐத் தூக்கிப்போட வேண்டாம். ட்யூனர் காயிலுக்கு அருமையான வளையம் அது.

மூன்று கம்பி வரைபடம் வோல்டேஜ் பாலுன் வகை. அது இரு முனைகளிலும் சம வோல்டேஜை நிறுத்தும். டைபோலின் ஒரு கை சுவருக்கு அருகில், மற்றது வெட்டவெளியில் என்றிருந்தால் வோல்டேஜ் சமமாக இருந்தும் மின்னோட்டம் சமமாக இருக்காது. மிச்சம் கேபிளில் இறங்கும். நமக்கு வேண்டியது கரன்ட் பாலுன். குவானெல்லா 1944இலேயே வெளியிட்ட முறை அது; 1:1 வடிவத்தில் சோக் தவிர வேறொன்றும் இல்லை.

கேள்வி: 100 வாட் ரிக்குக்கு (டிரான்ஸ்மிட்டர்–ரிசீவர்) 1:1 பாலுன் செய்யும் முறையைப் படிப்படியாகச் சொல்லுங்கள்.
– வாசகர், ஈரோடு

வேண்டியவை: எஃப்.டி.240-43 வளையம் ஒன்று, ஆர்.ஜி.58 கேபிள் 1.2 மீட்டர், எஸ்.ஓ.239 சாக்கெட், எலெக்ட்ரிக் கடையில் கிடைக்கும் 4 அங்குல பி.வி.சி. பெட்டி, துருப்பிடிக்காத ஸ்டீல் கண் போல்ட் மூன்று. 80 மீட்டரில்தான் அதிகம் இயங்குவீர்கள் என்றால் 31 ரகம் வாங்குங்கள். 40 முதல் 10 மீட்டர் வரை 43 போதும்.

ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஏழரை சென்டிமீட்டர் கேபிள் செலவாகும். துளை வழியாக ஒருமுறை நுழைந்தாலே ஒரு சுற்று. இதை எண்ணுவதில்தான் பெரும்பாலோர் ஒன்று குறைத்துவிடுகிறார்கள். ஆறு சுற்று சுற்றி, கேபிளை வளையத்தின் குறுக்கே எதிர்ப்பக்கம் கொண்டுபோய், அதே திசையில் தொடர்ந்து இன்னும் ஆறு சுற்றுங்கள். இரு முனைகளும் எதிரெதிரே வந்து பெட்டியில் பொருத்த வசதியாக இருக்கும். மின்சார ரீதியில் பெரிய லாபம் இல்லை. முனைகளை நைலான் டையால் கட்டுங்கள், ஆனால் இறுக்கி மடக்காதீர்கள். ஃபோம் உள்ள கேபிளை இவ்வளவு சிறிய வளைவில் சுற்றினால் வெயிலில் நடுக்கம்பி மெல்ல நகர்ந்து பின்னலைத் தொட்டுவிடும். திட பாலிதீன் உள்ள கேபிளாகப் பார்த்து வாங்குங்கள். டெஃப்லான் உள்ள ஆர்.ஜி.316 கிடைத்தால் இன்னும் நல்லது.

சால்டர் வைக்கும்போது பாலிதீன் உருகும். 60 வாட் இரும்பால் சட்டென்று வைத்து எடுங்கள். 25 வாட் இரும்பை வைத்துக்கொண்டு காத்திருந்தால் உள்ளே ஷார்ட் ஆகும். ஒரு முனை சாக்கெட்டுக்கு, மறுமுனையில் நடுக்கம்பி ஒரு பக்க போல்ட்டுக்கு, பின்னல் எதிர்ப் பக்க போல்ட்டுக்கு. மூன்றாவது போல்ட் மேலே, தொங்கவிடும் கயிற்றுக்கு. ஆன்டெனாக் கம்பியின் இழுவை போல்ட்டில் நிற்க வேண்டும், சால்டரில் அல்ல.

முடித்ததும் மல்டிமீட்டரில் பாருங்கள். நடுமுள்ளிலிருந்து ஒரு போல்ட், சாக்கெட் உடம்பிலிருந்து மற்ற போல்ட் தொடர்பு காட்ட வேண்டும். இரண்டு போல்ட்டுக்கும் இடையில் தொடர்பு இருக்கவே கூடாது.

சாக்கெட் கீழ்ப்பக்கம் இருக்கட்டும். பெட்டியின் அடியில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போடுங்கள்; எவ்வளவு அடைத்தாலும் உள்ளே வியர்க்கும், அது வடிய வழி வேண்டும். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் பேஸ்ட்டை உள்ளே பூசாதீர்கள், செம்பை அரித்துவிடும். வெளியே தெரியும் பின்னல் விளக்குத் திரிபோலத் தண்ணீரை உறிஞ்சும். ஒரே மழைக்காலத்தில் கேபிள் கறுத்துவிடும். பின்னல் தெரியும் இடமெல்லாம் நியூட்ரல் வகை சிலிக்கான் அல்லது எபாக்சி வைத்து மூடுங்கள்.

கேள்வி: வளையம் விலை கட்டுப்படியாகவில்லை. 4 அங்குல பி.வி.சி. குழாயில் கேபிளைச் சுற்றினால் போதாதா?
– வாசகர், விருதுநகர்

ஒரே பேண்டுக்கு, குறிப்பாக 20 மீட்டருக்கும் அதைவிட அதிர்வெண் கூடிய பேண்டுகளுக்கும், பயன்படும். 110 மில்லிமீட்டர் குழாயில் ஆர்.ஜி.58 எட்டுச் சுற்று ஒட்டி ஒட்டிச் சுற்றினால் சுமார் 9 மைக்ரோஹென்றி: 14 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 800 ஓம், 7இல் 400தான். சங்கடம் வேறு இடத்தில். அந்த 400 ஓம் முழுக்க ரியாக்டன்ஸ் (சக்தியைச் செலவழிக்காத தடை). கீழே தொங்கும் கேபிளின் நீளம் எதிர் வகை ரியாக்டன்ஸ் காட்டினால் இரண்டும் ஒன்றையொன்று அழித்து, மின்னோட்டம் முன்னைவிட அதிகமாகவே ஓடலாம். ஃபெரைட்டில் பெரும்பகுதி ரெசிஸ்டன்ஸ். அதைக் கேபிள் நீளம் அழிக்க முடியாது. குழாய்தான் என்று முடிவானால் சுற்றுகளை வரிசையாகச் சுற்றுங்கள். கொத்தாகக் கட்டினால் முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் அருகருகே வந்து சோக்கின் பலம் போய்விடும்.

கேள்வி: பழைய கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ்.களில் (பவர் சப்ளை) நிறைய வளையங்கள் கிடைக்கின்றன. உதவுமா?
– வாசகர், சென்னை

மஞ்சள்–வெள்ளைப் பூச்சு உள்ளவை 26 ரக இரும்புத்தூள். இந்த வேலைக்கு ஆகாது. லைன் ஃபில்டரில் வரும் வளையங்கள் பெரும்பாலும் மாங்கனீஸ்–துத்தநாக ஃபெரைட். கிலோஹெர்ட்ஸ் வேலைக்குச் செய்யப்பட்டவை, மேல் பேண்டுகளில் சோர்ந்துவிடும். பூச்சைச் சுரண்டி மல்டிமீட்டர் முனைகளை வைத்துப் பாருங்கள்: கிலோஓம் கணக்கில் காட்டினால் மாங்கனீஸ் ரகம், ஒன்றுமே காட்டாவிட்டால் நிக்கல்–துத்தநாகமாக இருக்கலாம், சுற்றிப் பார்க்கத் தகும். 31 ரகம் மட்டும் மாங்கனீஸ் வகையாக இருந்தும் நமக்குப் பயன்படும். டி.வி. ஆன்டெனாவின் 300–75 ஓம் குட்டி பாலுனை டிரான்ஸ்மிட்டரில் மாட்டாதீர்கள். அதன் கோர் ரிசீவருக்கு மட்டுமே தாங்கும்.

கேள்வி: செய்த சோக் நன்றாக இருக்கிறதா என்று நானோ வி.என்.ஏ.வில் (ஆன்டெனா, கேபிள் போன்றவற்றை அளக்கும் கையடக்கக் கருவி) எப்படிப் பார்ப்பது?
– வாசகர், யாழ்ப்பாணம்

முதலில் த்ரூ காலிபரேஷன் (இரு போர்ட்டையும் நேரடியாக இணைத்து அளவைச் சரிசெய்தல்). பிறகு சோக்கின் ஒவ்வொரு முனையிலும் நடுக்கம்பியையும் பின்னலையும் சேர்த்து முறுக்கி, ஒரு முனையை முதல் போர்ட்டின் நடுமுள்ளிலும் மறுமுனையை இரண்டாம் போர்ட்டின் நடுமுள்ளிலும் தொடுங்கள். பின்னல் எந்த போர்ட்டின் எர்த்திலும் படக்கூடாது. வயர் குட்டையாக, சோக் மேசையைத் தொடாமல் தொங்க வேண்டும். எஸ்21 (முதல் போர்ட்டிலிருந்து இரண்டாவதுக்குப் போய்ச் சேரும் சிக்னல்) அளவு 20 டெசிபெல் இறங்கினால் சுமார் 900 ஓம், 30 இறங்கினால் 3,000, 35 என்றால் 5,500. ஆயிரத்துக்குக் கீழே வந்தால் சுற்றைக் கூட்டுங்கள். கூட்டிக்கொண்டே போகவும் முடியாது: சுற்றுகளுக்கிடையே கெபாசிட்டன்ஸ் ஏறி, 28 மெகாஹெர்ட்ஸில் பலம் குறையும். நீங்கள் இயங்கும் பேண்டில் உச்சம் வரும்படி நிறுத்துங்கள்.

கேள்வி: எண்ட்–ஃபெட் (ஒரு நுனியில் கேபிள் சேரும்) ஆன்டெனாவுக்கு எஃப்.டி.140-43 வளையத்தில் 2:14 சுற்றிய 49:1 டிரான்ஸ்ஃபார்மர் 50 வாட்டில் கொதிக்கிறது, எஸ்.டபிள்யூ.ஆரும் நகர்கிறது.
– வாசகர், கோவை

இது பாலுன் அல்ல, அன்அன் (இரு பக்கமும் சமனற்றதாக இருக்க, ஓம் அளவை மட்டும் மாற்றுவது). அந்தச் சிறிய வளையத்தில் இரண்டு சுற்று பிரைமரிக்குக் கீழ் பேண்டில் போதிய இண்டக்டன்ஸ் இல்லை. சக்தி வளையத்திலேயே சூடாகிறது. சூடு ஏறினால் பெர்மியபிலிட்டி மாறும், எஸ்.டபிள்யூ.ஆர். நகர்வது அதனால்தான். 130 டிகிரியை நெருங்கினால் ஃபெரைட் குணத்தையே இழக்கும். 3:21 ஆகச் சுற்றுங்கள், சுற்று விகிதம் அதே 1:7தான், அதன் வர்க்கம் 49. முடிந்தால் எஃப்.டி.240-43க்கு மாறுங்கள். பிரைமரிக்குக் குறுக்கே 1,000 வோல்ட் தாங்கும் 100 பிகோஃபாரட் கெபாசிட்டர் மேல் பேண்டுகளைச் சீராக்கும். இந்த வகை ஆன்டெனாவுக்குக் கொஞ்சம் எதிர்க்கம்பி வேண்டும். கேபிளின் வெளிப்புறமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஆகவே சோக்கை டிரான்ஸ்ஃபார்மரோடு ஒட்டி வைக்காமல், 40 மீட்டருக்கு அதிலிருந்து 2 மீட்டர் தள்ளி வையுங்கள்.

கேள்வி: 2 மீட்டர் பேண்டில் ஃபோல்டெட் டைபோலுக்கு (நுனிகளை மடக்கிச் சேர்த்த டைபோல்) ஃபெரைட் வேண்டுமா?
– வாசகர், தூத்துக்குடி

வேண்டாம். கேபிளிலேயே அரை அலை யு வடிவ 4:1 பாலுன் செய்யலாம். 145 மெகாஹெர்ட்ஸுக்குத் திட பாலிதீன் கேபிள் என்றால் 68 சென்டிமீட்டர். ஃபோம் கேபிளில் வேகம் கூடுதல், அதனால் நீளமும் கூடும். யுவின் இரு நடுக்கம்பிகளும் டைபோலின் இரு முனைகளுக்கு, மெயின் கேபிளின் நடுக்கம்பி அவற்றில் ஏதாவது ஒன்றுக்கு, மூன்று பின்னல்களும் ஒன்றாகச் சால்டர். தனியாக நிற்கும் ஃபோல்டெட் டைபோலின் 300 ஓம் இதனால் 75 ஆகும். 50 ஓம் கேபிளில் எஸ்.டபிள்யூ.ஆர். 1.5. அப்படியே விட்டுவிடலாம்.